தனிக் குவளை

சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் பிரஸ்பிட்டேரியன் சபைக்கு நூறு வயதானது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மலையேறி வந்த பதினாறு குடும்பங்கள் தொடங்கிய சபை. நூற்றாண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பை, எஸ்டேட் பள்ளியில் ஓய்வுபெற்ற ஞானசீலி டீச்சரிடம் கொடுத்தார்கள்.

பழைய கூட்டக் குறிப்பேடுகளை அவள் வரிவிடாமல் படித்தாள். 1961இல் ஒரு தீர்மானம். எஸ்டேட் கக்கூஸ்களைச் சுத்தம் செய்யும் மூன்று குடும்பங்கள் திருவிருந்தில் திராட்சை ரசம் பருகும் பொதுக் கிண்ணத்தைத் தொடக் கூடாது. அவர்களுக்குத் தனியாக ஓர் அலுமினியக் குவளை. முன்மொழிந்தவர், இப்போதைய செயலாளர் வேதமுத்துவின் அப்பா. வழிமொழிந்தவர், ஞானசீலியின் அப்பா.

கையெழுத்து அப்பாவுடையதுதான். ஆனாலும் எதையும் மறைக்காமல், மூன்று குடும்பங்களின் பெயரோடு எழுதிக் கொடுத்தாள்.

வேதமுத்து தாள்களோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“செத்துப்போன எங்கப்பாவ எதுக்கு இழுக்கிய?”

“எங்கப்பாவையுந்தான எழுதியிருக்கேன்.”

“ஒங்கப்பன நீங்க என்னமும் செய்யுங்க. எங்கப்பா பேரு மலர்ல வந்துச்சு, நீங்க கோயில் வாசல மிதிக்க முடியாது.”

மறுநாளே குறிப்பேடு சபை அலமாரியில் இல்லை. மலரில் அவள் பெயர் இருந்தது, அந்தப் பக்கம் இல்லை.

வெளியீட்டு விழாவில் ஞானசீலி எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, மறைத்த பக்கத்தைப் பெயர்களோடு நினைவிலிருந்து சொன்னாள். “உக்காரு! வெளிய போ!” என்று கத்தினார்கள். சொந்தத் தம்பியே கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

வாசலில் மரியபுஷ்பம் வழிமறித்தாள். அந்த மூன்று குடும்பங்களில் ஒன்றின் பேத்தி.

“எங்க பாட்டி பேரச் சொல்ல ஒங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா டீச்சர்? எம்மக கூடப் படிக்கிற பிள்ளைக அத்தன பேரும் உள்ள இருக்கு. நாங்க கக்கூஸ் கழுவுனவகன்னு மைக்ல சொல்லணுமா?”

வேதமுத்துவின் கோபம் ஞானசீலியைத் தொடவில்லை, இது சுட்டது. எழுதுவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனாள். மரியபுஷ்பம் உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பாதி திறந்தபடியே சொன்னாள்:

“எழுதுனா, குவளைய வச்சவன் பேரப் போடுங்க. குடிச்சவக பேரு எதுக்கு?”

ஞானசீலி மறுபடி எழுதினாள். இம்முறை இரண்டே பெயர்கள். நகலெடுத்து, சபைக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். வேதமுத்து அவள் கண்ணெதிரே கிழித்துப் போட்டார். சிலர் வாங்கவே மறுத்தார்கள். மரியபுஷ்பம் வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறு, சபைப் பட்டியலிலிருந்து ஞானசீலியின் பெயரை நீக்குவதாக அறிவித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.