தலை நுழைந்த வழி

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எழுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் வண்டியைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவார் என்று டிப்போவில் அவருக்குப் பெயர். அந்தப் பார்வை வீட்டில் செல்லுபடியாகவில்லை. இத்தனைக்கும் வீட்டில் இருந்தது இரண்டே பையன்கள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து.

பெரியவனுக்கு வாய் ஓயாது, சின்னவனுக்குக் கால் ஓயாது. சின்னவன் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கட்டிலுக்கும் குதிப்பான். ஒவ்வொரு குதிப்புக்கும் பெரியவன் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். இவர்களுக்கு நேர் கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தனியாள். பிரசவ வார்டில் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி என்பதால் பகலில்தான் தூங்க வேண்டும். மேலே ‘தொம்’ என்று விழுந்தால் கீழிருந்து துடைப்பக் கட்டையால் ‘டொக் டொக்’ என்று பதில் வரும். பையன்கள் அவருக்கு ‘டொக்டொக் அத்தை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டுநரோ அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, இனி எந்த முகத்தோடு கேட்பது என்று, படிக்கட்டில் அவர் தலை தெரிந்தாலே பூனை மாதிரி நடந்து ஒதுங்கிவிடுவார்.

அன்று ஓட்டுநருக்கு வார விடுப்பு. பையன்களுக்குக் கோடை விடுமுறை. மனைவி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு மணிக்குத்தான் வருவாள். ஒன்பது மணிக்குள் இரண்டு டம்ளர் பால் தரையில் கொட்டியாகிவிட்டது. துவைக்கும் மெஷினுக்குள்ளிருந்து ஒரு செருப்பு கிடைத்தது. குப்பை கொட்டக் கீழே போனவர், நர்ஸ் வீட்டு வாசலில் அவருடைய வெள்ளைச் செருப்புகளைப் பார்த்தார். இரவுப் பணி முடிந்து வந்து படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மேலே வந்ததும் இருவரையும் கூப்பிட்டு, “டேய், வீட்டுக்குள்ள குதிக்கக்கூடாது. படிக்கட்டுல போய் உக்காந்து விளையாடுங்க. சத்தம் வரக்கூடாது” என்றார்.

“சத்தமில்லாத விளையாட்டு என்னப்பா இருக்கு?” என்றான் பெரியவன்.

“கண்டுபிடிங்க.”

கண்டுபிடித்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கயிறு கட்டி, படிக்கட்டுக் கைப்பிடியின் மேலாகக் கீழே இறக்கி ஏற்றினார்கள். அதுதான் லிஃப்ட். பொம்மைகள் பயணிகள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, காய்ந்த துணியை மடித்தபடி ஓட்டுநர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. பையன்களுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது.

அப்போது பெரியவன் வந்து நிலைப்படியில் நின்றான்.

“அப்பா, ஒண்ணுமில்ல.”

அவன் ஒண்ணுமில்லை என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். “என்னடா?”

“தம்பியோட தலை ஒரு எடத்துல இருக்கு. வரமாட்டேங்குது.”

கையிலிருந்த துணியோடு ஓடினார். மேல் மாடிக்குப் போகும் படிகளில் ஐந்தாவது படியில் சின்னவன் குப்புறப் படுத்திருந்தான். வாளி கீழ்ப்படியைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க, கைப்பிடியின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டிருக்கிறான். உடம்பு இந்தப் பக்கம், தலை அந்தப் பக்கம். கீழே, இவர்கள் மாடிக்கு ஏறிவரும் படிக்கட்டு.

“அப்பா, லிஃப்ட் போயிடுச்சு” என்றான். இன்னும் அழத் தொடங்கவில்லை.

ஓட்டுநர் மெல்ல இழுத்துப் பார்த்தார். காது கம்பியில் மடங்கிச் சிவந்தது. சோப்பு நுரை தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். தலை உள்ளே போன வழியாக வெளியே வர மறுத்தது. அப்பா ‘ஐயோ’ என்றதைக் கேட்டதும்தான் பையனுக்கு விஷயம் புரிந்தது. வீறிட்டு அழ ஆரம்பித்தான். பெரியவன் அவன் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துக்கொண்டு, “அழாதடா, நான் உன்கூடவே இருக்கேன். சாப்பாடுகூட இங்கயே ஊட்டி விடறேன்” என்றான். அது ஆறுதலாக இல்லை. அழுகை இரட்டிப்பானது.

அழுகை கேட்டு மேல் வீட்டு வெல்டர் இறங்கி வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ரெண்டு நிமிஷ வேலை” என்று திரும்பிப் போய், கம்பி அறுக்கும் மெஷினோடு வந்தார். சுவிட்சைத் தட்டியதும் அது போட்ட சத்தத்தில் பையன் உடம்பு முழுக்க விறைத்துப்போனது. தலையைத் திருகத் தொடங்கினான். கழுத்தில் கம்பி அழுத்தியது. “வேணாம், நிறுத்துங்க!” என்று ஓட்டுநர் கத்தினார். எந்தச் சாலைச் சந்திப்பிலும் பதறாத மனிதர். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கீழே கதவு படீரென்று திறந்தது. அவிழ்ந்த தலைமுடியும் சிவந்த கண்ணும் கையில் துடைப்பமுமாக நர்ஸ் ஏறி வந்தார். திட்டுவதற்குத் தயாராகத்தான் வந்தார். கம்பிகளுக்கு நடுவே தொங்கும் சின்ன முகத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“மெஷினை எடுத்துட்டுப் போங்க” என்றார் வெல்டரிடம். பிறகு ஓட்டுநரிடம், “தம்பி, எதுக்குப் பின்னாடி இழுக்கறீங்க?”

“தலை மாட்டிக்கிச்சு அக்கா.”

“தலை எங்க மாட்டிச்சு? தலைதான் வந்துடுச்சே. தலை வந்த எடத்துல உடம்பு வரும். இருபத்தெட்டு வருஷமா நான் வேற என்ன பார்க்கறேன்? நீங்க கீழ்ப்படிக்குப் போங்க. முன்னாடி நின்னு வாங்கிக்கங்க.”

ஓட்டுநர் இறங்கிப்போய்க் கீழ்ப்படிக்கட்டில் நின்றார். பையனின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. கண்ணீரும் சோப்பும் எண்ணெயுமாக வழிந்தது. “அப்பாவையே பாரு” என்றார்.

மேலே நர்ஸ் பையனின் சட்டையைக் கழற்றி, தோளிலும் முதுகிலும் எண்ணெய் தடவினார். “ராஜா, ஒரு கையை மட்டும் அத்தைகிட்ட குடு. ஆங். இப்ப அதை அப்பாகிட்ட நீட்டு.” ஒரு கை வந்தது. பையனை ஒருக்களித்துத் திருப்பினார். “மூச்சை விடு. பலூன்ல காத்து போற மாதிரி, புஸ்ஸுன்னு.” பெரியவனும் பக்கத்திலிருந்து புஸ்ஸென்று விட்டுக் காட்டினான். ஒரு தோள் வந்தது. அப்புறம் மார்பு. இடுப்பில் கால்சட்டை கம்பியில் சிக்கிக்கொள்ள, நர்ஸ் யோசிக்கவே இல்லை, அதையும் உருவி எறிந்தார். அடுத்த நொடி, பிறந்த மேனியாக, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு பையன் அப்பாவின் இரண்டு கைகளுக்குள் வந்து விழுந்தான்.

“ஆம்பளப் புள்ள” என்றார் நர்ஸ் மேலிருந்து. “பதினேழு கிலோ இருக்கும்.”

வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஓட்டுநரால் சிரிக்க முடியவில்லை. பெரியவன் பிறந்தபோது அவர், அப்போது ஓட்டிய வெளியூர் வண்டியில் இருந்தார். சின்னவன் பிறந்தபோது நெரிசலில் மாட்டிக்கொண்டு, துணியில் சுற்றிய பிள்ளையைத்தான் போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் வேறு யாரோதான் முதலில் வாங்கினார்கள். இப்போது கையில் இருந்தவன் வழுக்கினான், சூடாக இருந்தான், காதோரம் மூச்சு விட்டான். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான். கம்பிக்குள் தலையை விடாமல், கைப்பிடிக்கு மேலாக. “அப்பா, அழறீங்களா?”

“எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சுடா.”

நர்ஸைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குள் அழைத்து டீ போட்டுக் கொடுத்தார். “உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டோம் அக்கா. இன்னிக்கு மட்டுமா, ரெண்டு வருஷமா கெடுக்கறோம்” என்றார்.

நர்ஸ் டீயை ஊதினார். “நேத்து ராத்திரி ஒரு குழந்தை பிறந்து கொஞ்ச நேரம் அழவே இல்ல. நாங்க நாலு பேர் அந்த ஒரு சத்தத்துக்காக மூச்சைப் பிடிச்சிட்டு நின்னோம். அப்புறம் அழுதுச்சு பாருங்க, வார்டே அதிர்ந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு வந்து, உங்க வீட்டுச் சத்தத்துக்குக் கட்டையால தட்டறேன்.” ஒரு வாய் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “அதுக்காகக் குதிச்சுக்கிட்டே இருங்கன்னு சொல்லல தம்பி. எனக்கும் தூங்கணும்.”

இரவுப் பணி முடிந்து வந்து அவர் பகலில் தூங்கும் நாட்களை ஓட்டுநர் கேட்டார். நர்ஸ் சொல்லச் சொல்ல, பெரியவன் காலண்டரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டான். சின்னவன் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கண்ணும் மூக்கும் வரைந்தான்.

இரண்டு மணிக்கு மனைவி வந்தாள். அவள் பையைக் கீழே வைப்பதற்குள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். பெரியவன் கதையில் அறுக்கும் மெஷினிலிருந்து தீ பறந்தது. சின்னவன் கதையில் அவனே பறந்தான். அவளுக்கு முகம் வெளுத்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு கணவனின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். சின்னவனின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, சிவந்திருந்த காதுகளை மாறி மாறிப் பார்த்தாள். நன்றி சொல்லக் கீழே போனவள், தட்டாமலேயே திரும்பி வந்தாள். “தூங்கறாங்க போல. சாயங்காலம் போவோம்” என்று கிசுகிசுத்தாள்.

அடுத்த வாரம் காலண்டரில் முதல் சிவப்பு வட்டம் வந்தது. ஓட்டுநருக்கு அன்று மாலையில்தான் வண்டி. காலை எட்டரைக்கே பையன்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். முதலில் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதாகத்தான் திட்டம். “அப்பா, உங்களால ஓட முடியாதுல்ல?” என்று பெரியவன் ஒரு வார்த்தை விட்டான். அவ்வளவுதான். மூன்று சுற்று ஓடினார். மூன்றிலும் தோற்றார். இருக்கையில் உட்கார்ந்தே பழகிய தொப்பை, மூச்சு இரைத்தது. புல்லில் மல்லாந்து படுத்தார்.

பையன்கள் எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டு வருவதாகச் சொல்லி மறுபடி ஓடினார்கள். சின்னவன் ஓடிக்கொண்டே கத்தினான், காரணமே இல்லாமல், தொண்டை கிழிய. படுத்தபடியே தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தார். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “நன்றி” என்றார், வாய்விட்டு.

அதற்குள் திரும்பி ஓடிவந்துவிட்ட பெரியவன், “என்னப்பா சொன்னீங்க?” என்றான்.

“தண்ணி குடிச்சிட்டு ஓடுங்கன்னு சொன்னேன்.”