இடப்பக்கச் சங்கிலி

"அவ கையால ஒரு அரிசிகூட எங்கப்பா வாயில விழுகக் கூடாது. சொல்லிட்டேன்."

"மெதுவாப் பேசுடா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்மா. இம்புட்டு நாளும் அவரத்தான ஊரு பாத்துச்சு, இவ புடிச்சுப் போட்ட வீடியோவுல."

பேசியது மணிமாறன். அவனை அடக்கப் பார்த்தவள் தாய் வீரலட்சுமி. வாசற்படியோரம், தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கி வைக்காமல், அவன் தங்கை பானுப்ரியா நின்றாள். கோயம்புத்தூரிலிருந்து அவள் வந்து இரண்டு மணி நேரமாகியிருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து மதியம்தான் உடலைக் கொடுத்தார்கள். நாகல்நகரில் வீட்டுச் சந்து முழுவதையும் அடைத்துப் போட்ட பந்தலில், வெள்ளைத் துணிப் பொதிக்குள் முகம் மட்டும் தெரிய ஆண்டிச்சாமி கிடந்தார். நான்கு மணிக்குத் தூக்க வேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. வாய்க்கரிசியை வாசலிலேயே போட்டுவிட வேண்டும். அதைத்தான் மணிமாறன் மறித்துக்கொண்டு நின்றான்.

பகலெல்லாம் பட்டறையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் வெல்டிங் பற்றவைத்த ஆண்டிச்சாமி, சாயங்காலமானால் யாரும் கேட்காத சைக்கிள்களைப் பற்றவைத்தார். ஒன்றுக்குக் கைப்பிடி, இருக்கைக்குப் பின்னால் இருந்தது. இன்னொன்றை மல்லாந்து படுத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். அதில் அவர் போகும்போது பிரியாணிக் கடை வாசலில் நிற்பவர்கள், "உயிரோட பாடை போகுது" என்று விசிலடிப்பார்கள். அவர் படுத்தபடியே கையை ஆட்டுவார். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் போகிற ஒரே மனிதர் தன் அப்பா என்று சிறு வயதில் பானுப்ரியா நம்பியிருந்தாள். மணிமாறனோ அந்தச் சைக்கிளைக் கண்டால் சந்து மாறிப் போவான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் அதையெல்லாம் படம் பிடித்துப் போட ஆரம்பித்தாள். ஒன்றை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசியாக அவர் செய்தது மூன்று அடுக்குச் சைக்கிள், ஒன்பதடி உயரம். நேற்று மாலை ரவுண்டானா அருகே, பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க, அதன் உச்சியிலிருந்து தலைகுப்புற விழுந்தார்.

"பாடையையும் மூணு அடுக்காக் கட்டச் சொல்லுங்கப்பா," என்றார் சித்தப்பா செழியன், நாற்காலியில் சாய்ந்தபடி. "மக படம் புடிக்கத் தோதா இருக்கும்."

இரண்டு பேர் சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பேகம்பூர் சைக்கிள் கடை பக்ருதீன் வந்தார். மாலையை வைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் சாய்த்திருந்த மூன்றடுக்குச் சைக்கிளிடம் போனார். காலையில் போலீஸ்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது அது; ஒரு பக்கம் பெடல் இல்லாமல் நின்றது. குனிந்து தடவிப் பார்த்தவர், பானுப்ரியாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"பெடல் ஒடையல தாயி. கழண்டுருக்கு."

"அப்படின்னா, பாய்?"

"வலப்பக்கப் பெடலத் திருகுற மரை ஒரு பக்கமாச் சுத்தும், இடப்பக்கத்து மரை எதிர்ப்பக்கமாச் சுத்தும். மிதிக்க மிதிக்க இறுகணும்னு அப்படி வச்சுருக்கான். எல்லாச் சைக்கிளுக்கும் சங்கிலி வலப்பக்கம். உங்கப்பா இதுக்கு இடப்பக்கம் வேணும்னு பெடல் தண்டோட அப்படியே திருப்பி மாட்டிருக்காரு. ரெண்டு பெடலும் பக்கம் மாறிப்போச்சு. மிதிக்க மிதிக்கக் கழண்டுதான் வரும்." அவர் நிமிர்ந்தார். "நாப்பது வருசமா எங்கிட்ட சாமான் வாங்குனவரு. தானா இப்படிப் பண்ற ஆளில்ல. யாரு சொன்னது?"

"தெரியல பாய்," என்றாள்.

அவர் போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போனை எடுத்தாள். ஒன்பது நாளைக்கு முன்பு அவள்தான் அப்பாவுக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். எங்கோ வெளிநாட்டில், மழையில் நனைந்த தெருவில், மூன்றடுக்குச் சைக்கிளில் ஒருவன் போகும் வீடியோவிலிருந்து எடுத்தது. அதன் கீழே அப்பாவின் குரல் பதிவு. அதன் கீழே அவள் பதில்.

படத்தை விரலால் பெரிதாக்கினாள். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கடை. அதன் பலகையில் எழுத்துகள் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் திரும்பி நின்றன. அடுத்தவன் வீடியோவை எவனோ இடவலம் மாற்றித் தன் பெயரில் போட்டிருக்கிறான். சங்கிலியும் அப்படித்தான் பக்கம் மாறியிருக்கிறது. அன்றைக்கு அவள் அந்தப் பலகை வரை பார்க்கவில்லை.

"எழவு வீட்டுலயும் போனா?" மணிமாறனின் குரல் பின்னாலிருந்து வந்தது. "எடு. நல்லா எடு. இதுக்கும் நாலு லட்சம் பேரு வருவான்."

அவள் போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

மூன்றே முக்காலுக்குக் கொட்டுச் சத்தம் ஏறியது. பெண்கள் வரிசையாக வந்து அரிசி போட்டார்கள். பானுப்ரியா நின்ற இடத்திலேயே நின்றாள். எல்லோரும் முடித்ததும் வீரலட்சுமி அரிசிச் சொளகை மகனுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

"இவ போட்ட வீடியோவ உங்கப்பன் எத்தன தடவ போட்டுப் போட்டுப் பாத்தாரு தெரியுமா? சோத்துத் தட்ட முன்னால வச்சுக்கிட்டு அதத்தான் பாப்பாரு. பெத்த மக படம் புடிச்சது ஒரு கொலக் குத்தமாடா? கூப்புட்டுக் குடு."

மணிமாறன் சொளகுக்குள் கையை விட்டான். பிறகு ஒரு பிடி அள்ளிக்கொண்டு தங்கையிடம் வந்தான். முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"அம்மாவுக்காகத்தான். படம் புடிச்சத மன்னிச்சுத் தொலைக்கிறேன். போட்டுட்டு ஊருக்குக் கெளம்பு."

அவள் கை பாதி நீண்டு நின்றது.

"படம் புடிச்சதுனால இல்லண்ணே."

"என்ன?"

அவள் போனை எடுத்து விரலால் தொட்டாள். சந்தில் ஆண்டிச்சாமியின் குரல் கேட்டது.

"பாப்பா, நீ அனுப்புன வெளிநாட்டுச் சைக்கிள்ல சங்கிலி இடப்பக்கம் கெடக்கே. எனக்கு என்னமோ ஒப்பல. கொஞ்சம் நல்லாப் பாத்துச் சொல்லு தாயி."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கொட்டுக்காரர் குச்சியைத் தாழ்த்தினார். வீரலட்சுமி சொளகோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பானுப்ரியா தன் பதிலை அண்ணனின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அன்றைக்குப் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவசரத்தில் தட்டியது. 'அவங்க பெரிய இன்ஜினியருங்கப்பா. படத்துல இருக்குற மாதிரியே பண்ணுங்க.'

"பெடல் அதுனாலதான் கழண்டுருக்கு. பாய் சொன்னாரு," என்றாள். "நான் படத்தப் பாக்காமலே சொல்லிட்டேன்."

மணிமாறன் ஒருமுறை படித்தான். மறுபடி படித்தான். சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தான். நீட்டிய கையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மூடிய விரல்களின் இடுக்கிலிருந்து அரிசி ஒவ்வொன்றாகச் செருப்பில்லாத அவன் காலில் விழுந்தது.

பந்தலுக்கு வெளியே யாரோ நேரமாச்சு என்றார்கள்.

பானுப்ரியா போனைப் பைக்குள் போட்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள்.

"உண்ம தெரிஞ்சுருச்சுல்ல, இப்பக் குடுண்ணே."