கணுக்காலுக்கு மேல் நீலம்

நீலச் சாக்ஸ் குதிகாலில் சிக்கி நிற்கிறது, மேலே ஏறாமல், கீழேயும் இறங்காமல், மண்டபத்து மாப்பிள்ளை அறையின் கண்ணாடிக்குள் நீலக் கோட்டும் டையுமாகக் குனிந்திருப்பவனை எனக்குத் தெரியவில்லை, கட்டிலில் இன்னும் இரண்டு ஜோடி கிடக்கின்றன, ஒன்று கறுப்பு, ஒன்று ஷூவின் பழுப்பு, சாக்ஸ ஷூவப் பாத்து எடுக்கக் கூடாது சார், பேன்ட்டப் பாத்து எடுக்கணும், உக்காந்தா தோல் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்றார் துணிக்கடைக்காரர், தோல் தெரியக் கூடாது என்பதை அவர் எனக்கா சொல்ல வேண்டும், பதினாலு வயதில் இடது கணுக்காலில் உளுந்தளவு வெள்ளையாக ஒன்று தோன்றியது, இன்று பாதம் முழுக்கப் பரவி விரல் நுனிக்கு வந்துவிட்டது, வெண்புள்ளிதான், ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னதை அம்மா நம்பினாள், ஊரை நம்பவில்லை, சாக்ஸ் போட்டா யாருக்குடா தெரியப் போவுது என்றாள், சித்திரை வெயிலில் போட்டேன், விடுதியில் தூங்கும்போதும் போட்டேன், பள்ளி மைதானத்தில் ஒருநாள் அது நழுவியது, என் பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சகாயம் என் காலைப் பார்த்தான், வாயிலிருந்ததை அப்படியே துப்பினான், இப்போதெல்லாம் கனவில் மேடையில் நிற்கிறேன், விருந்தாளிகள் வரிசையாக வந்து கை குலுக்குகிறார்கள், குலுக்கிவிட்டு ஒவ்வொருவராகத் துப்புகிறார்கள்.

வல்லியைப் பெண் பார்க்கப் போன வீட்டில் வாசலில் ஷூவைக் கழற்றினேன், சாக்ஸைக் கழற்றவில்லை, மாப்பிள்ளைக்குக் கால் குளிருதோ என்று அவள் அத்தை கேட்க எல்லோரும் சிரித்தார்கள், வல்லி மட்டும் சிரிக்காமல் என் காலைப் பார்த்தாள், சொல்ல வாயெடுத்தேன், அம்மா முழங்கையைக் கிள்ளினாள், இன்று மாலை வரவேற்பை இந்தச் சாக்ஸ் கடத்திவிடும், காலையில் முகூர்த்தம், வெறுங்கால், அதுக்கென்னடா, மஞ்சளும் சந்தனமும் கெட்டியா அப்பிவிடுறேன் என்றாள் அம்மா, அவள் மறந்தது ஒன்றுதான், தாலி கட்டுமுன் பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார், அப்பியதெல்லாம் அவர் கையோடு போய்விடும்.

கதவு திறக்கிறது, பேன்ட்டைச் சட்டென்று கீழே இழுக்கிறேன், வல்லியின் அப்பாதான், மாப்ள, ஒண்ணு கேக்கணும், நாளைக்கு வெந்நியா, பச்சத் தண்ணியா, எம்மவன உக்கார வச்சு நேத்துக் கழுவிப் பழகுனேன், பய கூச்சத்துல ஒதச்சுப்புட்டான், நீங்க ஒதச்சிராதீங்க என்று சிரிக்கிறார், நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறார், இந்தக் கைகள் நாளை ஈரத்தோடு அந்தரத்தில் நின்றுவிடும், எதுவானாலும் சரி மாமா என்கிறேன், அவர் போன பின்னும் அந்தக் கைகள் அறையிலேயே நிற்கின்றன.

சாக்ஸை உருவி எறிந்தேன், கோட்டோடு வெறுங்காலாக நடந்தேன், நடையில் யாரோ என்ன மாப்ள, ஷூவு எங்க என்றார்கள், தரையின் குளிர் இத்தனை வருடம் எனக்குத் தெரியாத ஒன்றாக இருந்தது, பெண் அறையில் வல்லிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள், அவளிடம் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினேன், பூ வைக்கிற பெண்ணின் கை நின்றது, வல்லி குனிந்து பார்த்தாள், நெடுநேரம், எப்பலேர்ந்து என்றாள், பதினாலு வயசு என்றேன், அன்னைக்கு வீட்டுலயும் இதுக்குத்தான் சாக்ஸா, ஆமாம், இன்னைக்கு ஏன் சொல்றீங்க, நாளைக்கு உங்கப்பா கழுவுவாரே என்றேன், அவள் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள், அப்பா கழுவற வழக்கம் இல்லைன்னா, எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா.

பொய் நாக்கு வரை வந்தது, மாட்டேன் என்றேன், அவள் பூக்காரப் பெண்ணிடம், கொஞ்சம் வெளியில இருங்கக்கா என்றாள், கதவு மூடிக்கொண்டது, கீழே பாட்டுக்காரர்கள் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள், தூக்கிய பேன்ட்டை என் கை இன்னும் விடவில்லை.