அந்த நாட்டுப் பிரதிநிதி

மாணவர் சபையின் வருகைப் பதிவின்போது மற்ற நாடுகள் எல்லாம் "வந்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தன. வக்கீல் மட்டும் எழுந்து நின்று, வாடகைக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வந்திருக்கிறோம், வாக்களிப்போம்" என்றாள். அப்படிச் சொன்னால் கம்பீரமாக இருக்கும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னவர்கள் கடைசி ஓட்டெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது, ஆதரவு அல்லது எதிர்ப்பு இரண்டில் ஒன்றுதான் என்பதையும் சொல்லியிருந்தார். கம்பீரம் மட்டும்தான் அவள் காதில் ஏறியிருந்தது.

வக்கீல் என்பது வீட்டில் வைத்த பெயர். நாலு வயதில் டம்ளரை உடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பூனைதான் உடைத்தது என்று வாதாடி ஜெயித்தவள். அந்தப் பெயர் எப்படியோ பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வீட்டு விஷயங்களில் அங்கே வராதது ஒன்றுதான். அம்மா வெளிநாட்டில் இருக்கிறாள் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வீட்டில் துணி துவைத்து, தரை துடைத்து, மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. வக்கீல் பொய் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை என்று அவர்களாக நினைத்துக்கொண்டபோது பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பள்ளிகள் சேர்ந்து நடத்தும் மாதிரி ஐ.நா. சபை அது. ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் பிரதிநிதி. சீட்டுக் குலுக்கியபோது அவள் கைக்கு வந்தது அம்மா வேலை செய்யும் அதே நாடு. விவாதப் பொருள், வீட்டுப் பணியாளர்களின் உரிமைகள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று ஆசிரியை கேட்பார். அதனால் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் அந்த நாட்டின் சட்டங்கள் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. பணியாளர்களின் பாஸ்போர்ட்டை முதலாளிகள் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்புக்காகத்தான் என்று ஒரு பக்கம் எழுதியபோது, அது நன்றாக வந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது.

அம்மா வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் பேசுவாள். அந்த வாரம் வக்கீல் கேட்டாள்.

"அம்மா, உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"எதுக்குடி கேக்கிற?"

"சும்மாதான். ஸ்கூல்ல ஒரு புராஜெக்ட்."

"மேடம் அலமாரியில பத்திரமா இருக்கு. எனக்கென்ன கவலை? நானா இருந்தா எங்கயாவது தொலைச்சிருப்பேன். நீ சாப்பிட்டியா?"

அந்தப் பத்திரத்தின் லட்சணம் வக்கீலுக்குத் தெரியும். போன வருஷம் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாள் அம்மா. மருந்து மயக்கத்தில் இவள் தூங்குகிறாள் என்று நினைத்து, இவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் சித்தி நர்சிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாஸ்போர்ட்ட குடுக்கலையாம். பெத்த புள்ள ஆஸ்பத்திரியில கிடக்குன்னு அக்கா கால்ல விழுந்து கெஞ்சியிருக்கா." வக்கீல் கண்ணைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா சொல்லும் பொய்யை நம்புவதுபோல் அவளும், மகள் நம்புவதாக நினைத்து அம்மாவும், வெள்ளிக்கிழமைகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சபையில் பேச்செல்லாம் இங்கிலீஷில். "நான்" என்று சொல்லக்கூடாது என்பது விதி. "எங்கள் நாடு" என்றுதான் சொல்ல வேண்டும். அது வக்கீலுக்கு வசதியாக இருந்தது. எங்கள் நாடு பணியாளர்களை விருந்தினர்போல நடத்துகிறது என்றாள். எங்கள் நாடு தரும் சம்பளத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றாள். அதில் அவளுடைய கோட்டு வாடகையும் இருந்தது. மேடையில் தலைவராக உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார்.

எதிர்வரிசையில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண், தீர்மானத்தைக் கொண்டுவந்தவள், பெயர்ப்பலகையை உயர்த்தினாள்.

"பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பத்து முறை சொல்லிவிட்டார் பிரதிநிதி. அந்தப் பணியாளர்களில் ஒருவரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?"

மண்டபத்தில் "ஊ…" என்று ஒரு சத்தம் எழுந்தது. பின்னாலிருந்து அவள் வகுப்புப் பையன் ஒருவன், "வக்கீலுக்கே வாய்தாவா?" என்றான். சிரித்தார்கள். வக்கீலுக்குக் காது சூடேறியது. கையில் இருந்த ஆறு பக்கத்தையும் ஒருமுறை புரட்டினாள். தோற்றுவிடுவோம் என்று பட்ட அந்த நொடியில், யோசிப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது.

"கேட்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமைதான் கேட்டோம். எங்கள் நாட்டில் ஆறு வருஷமாக வேலை செய்யும் ஒரு பெண். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறோம். 'என் பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. எனக்கென்ன கவலை? நானாக இருந்தால் எங்கேயாவது தொலைத்திருப்பேன்.'" கொஞ்சம் நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "அந்தப் பெண்ணுக்கு இல்லாத கவலை, அவரைப் பார்த்தே இராத பிரதிநிதிக்கு எதற்கு?"

மேஜைகளைத் தட்டினார்கள். கண்ணாடிக்காரப் பெண் பலகையை இறக்கி வைத்தாள். தட்டுகிற சத்தம் அடங்கும்வரை வக்கீல் நின்றாள். அப்புறம் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

ஓட்டெடுப்பு வந்தது. பாஸ்போர்ட்டைப் பறித்து வைப்பது குற்றம் என்ற தீர்மானம். நடுநிலை வகிக்கப் பலகையைத் தூக்கியவர்கள் ஏழெட்டுப் பேர். அந்த வழியை அவள் காலையிலேயே அடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது, அந்த நாட்டின் பெயர் எழுதிய பலகையை உயர்த்தினாள். அட்டைதான், ஆனாலும் கை வலித்தது. தீர்மானம் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் விழுந்தது. சிறந்த பிரதிநிதிக்கான கோப்பை அவளுக்கு. வெளியே வரும்போது கண்ணாடிக்காரப் பெண் கை கொடுத்தாள்.

"செம பாயிண்ட் அது. நிஜமாவே யாரையாவது கேட்டியா, இல்ல அடிச்சு விட்டியா?"

"அடிச்சு விட்டேன்" என்றாள் வக்கீல்.

முதல் இரண்டு நாளும் கோப்பை துணிகளுக்கு அடியில் கிடந்தது. சித்திதான் எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். பள்ளிக்கூடம் குரூப்பில் போட்ட வீடியோவை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியவளும் அவள்தான். "எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா என்னமா வெட்டி வெட்டிப் பேசுறா பாருங்க!" என்று குரலும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அம்மாவுக்கும் போயிருந்தது. போனது வக்கீலுக்கு வெள்ளிக்கிழமை மதியம்தான் தெரிந்தது, அம்மா வீடியோ காலில் வந்தபோது.

"என் ராசாத்தி! எத்தனை பேர் முன்னால! பயமே இல்லையாடி உனக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஸ்கூல்ல."

"சும்மாவா? மேடம் ரெண்டு தடவ பாத்தாங்க. அய்யாவையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. உன் மேஜையில அவங்க நாட்டுக் கொடி இருந்துதுல்ல, அதுல ஒரே குஷி."

"நீ ஏம்மா அவங்ககிட்ட காட்டின?"

அம்மா கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தணித்தாள்.

"உன் பரீட்சை லீவுக்கு வரலாம்னு இருந்தேன்டி. ரெண்டு வாரம். பாஸ்போர்ட்ட கேக்கணும்ல. சும்மா போயி கேட்டா மூஞ்சியத் தூக்குவாங்க. என் பொண்ணு இப்படிப் பேசுறான்னு காட்டினா கொஞ்சம் மனசு எளகும், அப்ப கேட்டுடலாம்னு…"

அம்மா வாயிலிருந்து பாஸ்போர்ட் என்ற வார்த்தை பொய்ப்பூச்சு இல்லாமல் வருவது அதுதான் முதல் தடவை.

"கேட்டியா?"

"கேட்டேன். கோவமே படல, தெரியுமா? சிரிச்சாங்க. 'உன் பொண்ணுக்கே புரிஞ்சிருக்கு, உனக்குத்தான் இன்னும் புரியல'ன்னாங்க. போன்ல உன்னைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க. அலமாரியத்தான் திறக்கல." அம்மாவும் சிரித்தாள், என்னவென்று தெரியாதவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பதுபோல. "என்னடி புரிஞ்சிருக்கு உனக்கு? இங்கிலீஷ்ல எனக்குச் சமையல்கட்டு வார்த்தைதான் வரும். நீ என்ன பேசினேன்னு நம்ம பாஷையில சொல்லு. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

"அப்புறம் சொல்றேம்மா."

"அப்புறம் எங்க? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அவங்க எந்திரிக்க மாட்டாங்க."

அம்மா போனை ஒரு சோப்புத்தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள். படம் ஆடி நின்றது. அவளுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள் ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஈரக் கையை முழங்காலில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, திரைக்குக் கொஞ்சம் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ம், சொல்லு" என்றாள்.