ஏழு நாள் புட்டு

நெய்ப்பந்தத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த கீர்த்தனாவின் கை, தனகோடி போட்ட சத்தத்தில் நின்றுவிட்டது.

"பந்தம் புடிக்க ஒரு பேரன் இல்லாம போறாரே எங்க அண்ணாத்த! இன்னொன்னு பெத்துக்கோன்னு எத்தினி வாட்டி சொன்னேன் இவகிட்ட!"

தனகோடி, செத்துப்போன காத்தவராயனின் தங்கை. கீர்த்தனாவுக்கு அவர் மாமனார். எழுபத்திரண்டு வயது வரை கடலுக்குப் போய், நேற்று நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். புதுப்பட்டினம் குப்பத்தில் அழத்தான் ஆள் குறைவு, ஆட இடம் போதவில்லை.

கீர்த்தனாவுக்கு இரண்டும் பெண்கள். இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய் வந்தது. மூன்றாவது கூடவே கூடாது, உடம்பில் ரத்தம் இல்லாததால் உனக்கு இப்போது கருத்தடை ஆபரேஷனும் முடியாது, புருஷன் பண்ணிக்கொள்ளட்டும், பத்து நிமிஷ வேலை என்றாள் டாக்டரம்மா. அந்தப் பேச்சை எடுத்தாலே புருஷன் சரவணகுமார் எழுந்து போய்விடுவான். வலை இழுக்கிற தெம்பு போய்விடும் என்று பயம். ஊர் சிரிக்கும் என்று அதைவிடப் பெரிய பயம். நாள் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் கீர்த்தனா மஞ்சள் துணியில் அம்மனுக்குக் காசு முடிந்து வைப்பாள்.

காலையிலிருந்து காத்தவராயனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் பொன்னி நிமிர்ந்தாள்.

"அவள வுடு தனகோடி. உங்க அண்ணாத்தயே ரெண்டோட நிறுத்திகினவருதான்."

"நீதான ஆபரேசன் பண்ணிகின?"

"நான் இல்ல, அவருதான். செங்கல்பட்டுல பண்ணிகினாரு. ஊரு சிரிக்கும்னு நான்தான் மாத்திச் சொன்னேன்."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"மறுநாளே கடலுக்குப் போறேன்னு நின்னாரு. நான் வுடல. புள்ள பெத்தவளுக்கு ஆக்கறாப்ல ஏழு நாளு பால்சுறா புட்டு ஆக்கிப் போட்டேன். நல்லாத்தான் கீது, இன்னொரு வாட்டி பண்ணிக்கவான்னு கேக்கறாரு இந்த மனுசன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகிவிட்டது.

"அப்பறமும் முப்பது வருசம் என்னிய விட வேகமாத்தான் வலை இழுத்தான்" என்றார் கூட்டாளிக் கிழவர் ஒருவர்.

"அடப்பாவி அண்ணாத்த, எங்கிட்டகூட சொல்லலியே!" தனகோடி அண்ணனின் கையிலேயே ஒரு அடி போட்டு, விக்கல் வரும் வரை சிரித்தாள். பிறகு அவளே பந்தங்களைக் கொளுத்திப் பேத்திகளின் கையில் கொடுத்தாள். இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாடையைச் சுற்றின.

கொள்ளிச்சட்டியைத் தூக்கக் குனிந்த சரவணகுமார், ஈர வேட்டியோடு கீர்த்தனாவின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அந்த டாக்டரம்மா நம்பரு உன் போன்ல கீதா?"

"கீது."

அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். பட்டாசு வெடித்தது. ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவ இறங்கினார்கள். வாசலுக்கு ஒரு குடம் போதும். தூரத்து மேளத்துக்குத் தலையாட்டியபடி கீர்த்தனா நாலு குடம் ஊற்றினாள்.