நோய் இல்லாதவள்

வந்தவளைப் பார்த்த மாத்திரத்திலேயே வீட்டுக்காரி உருக்கானுக்குப் பிடிக்கவில்லை. கணக்கெடுக்க வந்தேன் என்கிறாள், காலில் புத்தம்புது பூட்ஸ். நாரின் நகரத்துச் சேற்றில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவளுக்கு இப்படியா பளபளக்கும்? ஞாயிற்றுக்கிழமை மகள் சல்கினாயின் காதில் தோடு போட்டு நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்கு முன் வேவு பார்க்க ஒருத்தியை அனுப்புவது ஊரில் நடக்காததா? மகனுக்குப் பெண் பார்த்தபோது உருக்கானே இரண்டு பேரை அனுப்பியவள்தான்.

"பேரெல்லாம் எழுத மாட்டோம்க்கா. காசநோய் வந்தவங்களைப் பத்தி நிறைய பேர் கேட்டாச்சு. கூட இருக்கிறவங்க என்ன இழந்தாங்கன்னுதான் நாங்க கேக்குறோம்."

"அதுக்கு எங்க வீடுதான் கெடச்சுதா?"

"தெருவுல எல்லா வீட்டுக்கும் போறேன்க்கா."

பச்சைப் பொய். எதிர்வீட்டுக்கு இவள் போகவில்லையே! எதிர்வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடப்பது உருக்கானுக்கு அப்போது நினைவில்லை.

"இங்க யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்டுக்காரர் பிஷ்கெக்ல வேலையா இருக்கார்."

அந்த வீட்டுக்காரர் பின்னறையில் தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலை விழுங்கிக்கொண்டிருந்தார்.

உருக்கான் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றி நீட்டினாள். வேண்டிய விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான், குடிக்கக் குடிக்க ஊற்றுவார்கள். நிறைத்துக் கொடுத்தால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். வந்தவளுக்கு முகம் சிவந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. சம்பந்தி அனுப்பிய ஆள்தான் என்று உருக்கானுக்கு உறுதியாகிவிட்டது. இல்லாவிட்டால் இத்தனை அவமானத்தை யார் பொறுப்பார்கள்?

"கடைசியா ஒண்ணுக்கா. இப்ப இல்லாட்டியும், முன்ன எப்பவாவது, நோயாளியப் பாத்துக்கன்னு வீட்டுல யாராவது படிப்பையோ வேலையையோ விட்டாங்களா?"

ரொட்டித் தட்டோடு வந்த சல்கினாய் கதவருகிலேயே நின்றுவிட்டாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவள் அவள். அப்பாவின் மாத்திரை, கஞ்சி, சளிக் கிண்ணம் எல்லாம் அவள் பொறுப்பு.

"யாரும் விடல. இதோ இவ, படிப்பு போதும்னு அவளா வந்துட்டா. ராணி மாதிரி இருக்கா, என்ன குறை?"

"சரிக்கா. இந்த வீட்டுல யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லன்னு போட்டுக்கறேன்."

வந்தவள் கிளம்பினாள். அப்பாடா என்று உருக்கான் மூச்சு விடுவதற்குள் சல்கினாய் தட்டை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே ஓடினாள். பக்கத்து வீட்டில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறிக் கேட்டது அவள் குரல்.

"நில்லுங்கக்கா! எங்கப்பாவுக்குக் காசநோய். அதுக்காகத்தான் நான் படிப்ப விட்டேன். என்கூடப் படிச்சவங்க எல்லாம் இப்ப ஆஸ்பத்திரியில ஊசி போடுறாங்க. அப்பா எப்படியிருக்கார்னு டாக்டர் கேப்பாரு, அம்மா கேப்பாங்க. நான் எப்படியிருக்கேன்னு ஒருத்தர் கேட்டதில்ல. நீங்க கேட்டீங்க. எழுதிக்குங்க!"

கம்பளம் தட்டும் சத்தம் நின்றுபோயிற்று. ஜன்னலுக்கு ஓடிய உருக்கான், யார் யார் காதில் விழுந்தது என்று முதலில் தெருவைத்தான் பார்த்தாள். மகள் அழுதுகொண்டிருப்பதை அதற்கப்புறம்தான் பார்த்தாள்.