கதவருகே போர்வைகள்

புலம்பெயர்ந்த ஊரில் தமிழர் எடுக்கும் மடு மாதா திருவிழாவுக்கு, தான் வேலை செய்யும் வீட்டு ஜெனரலையும் கூட்டி வரப்போவதாக அமலினி சொன்னதும் மாமி சூசையம்மா கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"விமானப்படைக்காரனை மாதாவின்ரை பந்தியிலை இருத்தப்போறியோ, பிள்ளை?"

அமலினிக்குச் சுருக்கென்றது. அந்த ஊரின் கால்சாப் பகுதியில் அந்த முதியவரின் வீட்டில் அவள் பல வருடமாக வேலை செய்கிறாள். ஒருநாளும் அவர் அவளை எடுத்தெறிந்து பேசியதில்லை. அவர் விமானம் ஓட்டியவரே இல்லை என்று விளக்கினாள். இளம் வயதில் அந்நாட்டு விமானப்படையின் களஞ்சியப் பிரிவில் சேர்ந்தவர். டயர், எரிபொருள், மாவு, மருந்து என்று எது எங்கே எப்போது போய்ச்சேர வேண்டும் எனத் திட்டமிட்டே படிப்படியாக உயர்ந்தவர். வழங்கல் தலைமையகத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய வரவேற்பறையில் ஒரு பெரிய படம் தொங்கியது. கடலுக்கு அப்பால் போர் நடந்த ஒரு நாட்டில் இறங்கிய சரக்கு விமானம், திறந்த பின்கதவு நிறையப் போர்வைக் கட்டுகள், அருகில் அவர்.

"அவர் போர்வை அனுப்பினவர், மாமி. குண்டு போட்டவரில்லை."

"போட்டவனுக்கு அதை ஆர் ஏத்தி அனுப்பினது? அவனென்ன பல்லரோச் சந்தையிலை வாங்கினவனோ?"

மன்னாரில் வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கு மூத்த மகனைப் பறிகொடுத்தவள் மாமி. அதனால் அமலினி மனக்கொதிப்பை அடக்கிக்கொண்டாள். துக்கம் இருந்தால் யார் தலையிலும் எதையும் கட்டலாமா? ஜெனரலிடமே கேட்டு வந்து மாமியின் வாயை அடைக்க நினைத்தாள்.

மறுநாள் படத்தைத் துடைத்தபடி, விமானம் முழுக்கப் போர்வைதானா என்று கேட்டாள்.

ஜெனரலின் முகம் மலர்ந்தது. எந்த விமானம் ஓட்டினீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர் செய்த வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியாக ஏற்ற வேண்டும் என்றார். விமானம் இறங்குமிடத்தில் செய்தியாளர்கள் நிற்பார்கள். ஆகவே போர்வைகள் கதவருகே.

"அதற்குப் பின்னால்?"

"படைக்கு வேண்டியவை."

"குண்டுகளுமா?"

"குண்டுகளும்தான். கேட்டதை அனுப்புவது என் வேலை. என் காலத்தில் ஒரு பெட்டிகூடப் பிந்தியதில்லை."

பெருமையோடுதான் சொன்னார். அமலினியின் கையில் துணி கசங்கியது. இத்தனை வருடமும் இந்தக் கதவைத் துடைத்துத் துடைத்து மினுக்கியிருக்கிறாள். ஆனால் அவர் எப்போது பொய் சொன்னார்? அவளல்லவா கேட்காமல் இருந்தாள்? அப்படி நினைத்தும் ஆத்திரம் தணியவில்லை.

திருவிழாவன்று பதக்கங்கள் மின்னும் சீருடையில் அவர் காத்திருந்தார். அமலினி மேசையில் சூப்பை வைத்தாள், பக்கத்தில் மாத்திரைகளை வைத்தாள், அவர் வரவேண்டாம் என்றாள்.

அவர் முகம் சிவந்தது. அழைத்துவிட்டு அவமதிப்பதா, தன் கையால் ஓர் உயிரையாவது கொன்றதுண்டா என்று கேட்டார்.

"என் மாமியின் மகனுக்கு வந்த குண்டும் பிந்தாமல்தான் வந்தது, ஜெனரல்."

சூப்பை ஆறுவதற்குள் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அமலினி படியிறங்கினாள்.